உ.வே.சா. என்ற பதிப்பாசிரியரும் கும்பகோணமும்

உ.வே.சாமிநாதையரைப் பற்றிப் பள்ளியில் படித்ததெல்லாம் ‘ஊர் ஊராக அலைந்து ஓலைச்சுவடி தேடினார்’ என்ற ஒரு வரிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உண்மையில் செய்த வேலை என்ன, அதற்கும் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு, இன்றைக்கு வீட்டில் பழைய ஏடு ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்துக்காரன் நான். பழைய தமிழ்ப் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அவர் அலைந்தது உண்மை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அலைச்சலையே பேசிப் பேசி, அதற்கப்புறம் நடந்த வேலையை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். ஏட்டைக் கண்டெடுப்பவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். கண்டெடுத்ததைப் பத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டு, பாட்டு எது, உரை எது என்று பிரித்து, பொருள் விளங்கும்படி அச்சில் கொண்டுவந்து, அதற்கான பணத்தையும் புரட்டி முடித்தவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரில் பலர் கும்பகோணத்தைச் சுற்றியே இருந்தார்கள். இது தற்செயல் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் ஆளைப் பற்றி. 1855 பிப்ரவரி 19ஆம் தேதி பிறந்தார். ஊர் உத்தமதானபுரம், பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன கிராமம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரின் சீடர். நிரந்தர வருமானம் கிடையாது. யார் ஆதரிக்கிறார்களோ அந்த ஊருக்குக் குடும்பம் போகும். அரியலூர், குன்னம் என்று கொள்ளிடத்துக்கு வடக்கேயும் பல வருஷம் இருந்தார்கள். பையனுக்குத் தமிழ் மேல் பைத்தியம். கிடைத்த ஆசிரியர்களிடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு, 1871இல் மாயூரத்துக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். மாயூரம் என்றால் இன்றைய மயிலாடுதுறை. அங்கேயே கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். அவரிடம் கொஞ்ச நாள் சங்கீதமும் நடந்தது. பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பாட்டை விட்டுத் தமிழோடு நின்றுகொண்டார்.

பிள்ளையிடம் இருந்த ஐந்து ஆண்டுகளை வெறும் படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளை தலபுராணங்களைச் செய்யுள் செய்யுளாக வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுத வேண்டும். எழுத்தாணி பிடித்து வேகமாக எழுதவும், மற்றவர்கள் எழுதிய ஏட்டைத் தடுமாறாமல் படிக்கவும், சீர் தட்டினால் உடனே காதில் உறைக்கவும் அங்கேதான் பழகினார். பின்னாளில் சிதைந்த ஏட்டில் எங்கே எழுத்து விழுந்திருக்கிறது, எங்கே ஒரு சொல் கூடுதலாகப் புகுந்திருக்கிறது என்று அவரால் சட்டென்று கண்டுபிடிக்க முடிந்ததற்கு இந்தக் காது ஒரு காரணம். 1876 பிப்ரவரி முதல் தேதி பிள்ளை காலமானார். அப்புறம் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமே பாடம் கேட்டுக்கொண்டு மடத்தில் இருந்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையின் மாணவர். தம் இடத்துக்குச் சாமிநாதையர்தான் வர வேண்டும் என்று செட்டியார் பிடிவாதமாக நின்றார். தேசிகருக்கு அவரை மடத்திலிருந்து அனுப்ப மனமில்லை. செட்டியார் விடாமல் கேட்டு இசைய வைத்தார். காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் ஐயர் 1903 வரை 23 ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பேர் வைத்தது இந்த நன்றிக்காகத்தான்.

வாழ்க்கை திரும்பியது 1880 அக்டோபர் 21ஆம் தேதி. சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முனிசீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, மாற்றலாகி வந்திருந்தார். மரியாதைக்காகப் பார்க்கப் போன ஐயரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கினார். அவ்வளவும் சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று கேட்டார் முதலியார். இல்லை. மகாவித்துவானிடமும் மடத்திலும் பத்தாண்டு பாடம் கேட்டவருக்கு அந்த நூல்களின் பக்கமே போக வாய்த்ததில்லை. அன்றைய தமிழ்ப் படிப்பின் நிலை அது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கைப்பிரதியைக் கொடுத்து, எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார்.

படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. நூலை எழுதிய திருத்தக்க தேவர் சமணர். சமண சமயக் கருத்தெல்லாம் நூலில் கலந்திருக்கிறது. நச்சினார்க்கினியர் உரையோ மேற்கோள் மேல் மேற்கோளாகப் போகிறது. எந்த நூலிலிருந்து என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு இதை யார் விளக்குவது? கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் சிந்தாமணியைப் பாராயண நூலாகவே வைத்திருந்தார்கள். ஐயர் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். அவர் கேட்கும் முறையைப் பார்த்து, பக்குவம் வந்த உயிர் என்ற பொருளில் ‘பவ்ய ஜீவன்’ என்று அவர்கள் பாராட்டினார்கள். சமணத்தை எழுதும்போது சமணரிடம் கேட்க வேண்டும் என்ற இந்த வழக்கத்தை அவர் கடைசி வரை விடவில்லை. மணிமேகலையின் பௌத்தம் புரியாமல் நின்றபோது, அதே கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியரிடம் உட்கார்ந்து பௌத்த தருமம் கற்றுக்கொண்டார். மணிமேகலை 1898இல் வந்தது. அந்தப் பதிப்போடு பௌத்த சமயத்தைப் பற்றிய தனிக் கட்டுரைகளும் சேர்ந்து வந்ததற்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது.

சரி, பதிப்பு வேலைக்கு வருவோம். பனையோலை ஏட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஏட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். ‘க’வும் ‘க்’கும் ஒன்றுதான். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். அதனால் ஓர் எழுத்துக் கூட்டத்தை ‘கொ’ என்றும் படிக்கலாம், ‘கோ’, ‘கெர’, ‘கேர’ என்றும் படிக்கலாம். பாட்டு முடிந்து உரை தொடங்கும் இடத்தில் பத்தி பிரிக்கும் வழக்கம் இல்லை. எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். நடுவில் ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை இருக்கும். ஓரம் முறிந்து நாலு எழுத்து போயிருக்கும். படியெடுத்தவர் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதியிருப்பார். இப்படிப் பத்துப் பிரதிகள் பத்து விதமாக நிற்கும். அவற்றை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒருவர் ஒரு பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு வேறுபாட்டைச் சொல்ல, அதைக் குறித்துக்கொள்வார்கள். பகலில் கல்லூரி, காலையும் இரவும் இந்த வேலை.

ஒப்பிட்டு முடித்தால் மட்டும் போதாது என்று ஐயர் நினைத்தார். உரையில் வரும் மேற்கோள் எந்த நூலிலிருந்து என்று தேடினார். அந்தத் தேடல்தான் அவரைச் சங்க நூல்களில் கொண்டுபோய் விட்டது. தாம் பல ஆண்டு தங்கியிருந்த திருவாவடுதுறை மடத்து ஏட்டுக் கட்டுகளிலேயே பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கண்ணில் பட்டன. இதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. கட்டு எப்போதும் அங்கேயேதான் இருந்தது. சிந்தாமணியில் இறங்கியிராவிட்டால் அதை அவர் அவிழ்த்தே இருக்கமாட்டார்.

சிந்தாமணிக்கு முன்னால் ஒரு முயற்சி உண்டு: 1868இல் பவர் என்ற பாதிரியார் அதன் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டார். முழு நூலும் உரையோடு வந்தது 1887இல், ஐயர் பதிப்பாக. அந்தப் பதிப்பில் நூலாசிரியர் வரலாறு உண்டு, உரையாசிரியர் வரலாறு உண்டு, கதைச் சுருக்கம் உண்டு. பின்னாளில் வந்த பதிப்புகளில் அரும்பத அகராதி, பிரதிக்குப் பிரதி மாறும் பாடங்களைக் காட்டும் பிரதிபேதம், ஒப்புமைப் பகுதி என்று இன்னும் விரிந்துகொண்டே போனது. ஏடு கொடுத்தவர்களின் பெயர்களையும் முன்னுரையில் போடுவார். முதல் பதிப்போடு கை கழுவிவிடவும் மாட்டார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 20 ஆண்டுகள் கழித்து வந்தபோது, இடையில் கிடைத்த பிரதிகளைக் கொண்டு நிறையத் திருத்தியிருந்தார். நூல்கள் வந்த வரிசை இது: பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937. இதில் ஐங்குறுநூறு வரைக்கும் கும்பகோணத்து உழைப்பு.

பணம் எங்கிருந்து வந்தது? இதை யாரும் கேட்பதில்லை. அன்றைக்குப் புத்தகம் போடுவதென்றால் முன்கூட்டியே ‘கையொப்பம்’ வாங்க வேண்டும். வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டு பெயர் எழுதுபவர்களை நம்பித்தான் காகிதம் வாங்குவது. மடத்துத் தலைவர்கள், மிராசுதார்கள், வக்கீல்கள், கல்லூரி ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றார். டெல்டாவின் நெல் வருமானம் சங்கத் தமிழ் அச்சேறியதற்கு ஒரு பங்கு கொடுத்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. அச்சுக்கூடங்கள் சென்னையில். கல்லூரி விடுமுறை வந்தால் ரயில் ஏறிப் போய் அங்கே தங்கி ப்ரூப் திருத்துவார். விடுமுறை முடிந்தால் அச்சுத் தாள்கள் பாரம் பாரமாகத் தபாலில் கும்பகோணத்துக்கு வரும். அந்தக் காலத்தில் மாயூரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சென்னைக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு தலைமுறை முன்னால் பிறந்திருந்தால் இந்தப் போக்குவரத்து நடந்திருக்காது.

ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு கபிலர் பாடியது, 261 அடி. தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களின் பெயர்கள் அதில் தொடர்ந்து வரும். ஐயர் பதிப்பிக்க உட்கார்ந்தபோது கையில் இருந்த பிரதிகளில் அந்தப் பூக்களின் வரிசையில் ஒரு பகுதி இல்லை. எந்தப் பிரதியை எடுத்தாலும் அதே இடத்தில் விட்டுப் போயிருந்தது. என்ன பூ என்று ஊகித்து எழுதியிருக்கலாம். கவி பாடத் தெரிந்தவர்தானே. அவர் அப்படிச் செய்யவில்லை. மாயூரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தருமபுரம் ஆதீனத்துக்குப் போனார். தலைவர் மாணிக்கவாசக தேசிகர் ஏடுகளைப் பார்க்க அனுமதி கொடுத்தார். கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்ததில் கடைசியில் ஓர் ஏட்டில் அந்தப் பூக்கள் இருந்தன. இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூட 99 பூ என்று சொல்கிறது. அதில் ஒரு கைப்பிடி தருமபுரத்து ஏட்டறையிலிருந்து வந்தது.

ஊகித்து நிரப்பமாட்டார் என்றேன். அதுதான் பதிப்பாசிரியருக்கு உயிர். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை, இல்லையென்றே விட்டார். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. இருக்கும் எட்டை அச்சிட்டார். பெருங்கதைக்குத் தலையும் இல்லை, முடிவும் இல்லை, அப்படியே கொண்டுவந்தார். சிதைந்த இடத்தில் புள்ளி போட்டுக் காட்டினார். அந்தப் புள்ளிகளை நான் மதிப்போடு பார்க்கிறேன். படிப்பவரை அவர் ஓரிடத்திலும் ஏமாற்றவில்லை.

டெல்டாவுக்கு வெளியே நடந்த தேடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பலருக்கும் தெரிந்த கதை. திருநெல்வேலிப் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் கேட்டபோது, பழுதான ஏடுகளை ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேறொரு வீட்டில் ஆடிப் பதினெட்டில் ஆற்று வெள்ளத்தில் விட்டுவிட்டார்கள். சிவகங்கைப் பக்கத்து மிதிலைப்பட்டியில் கவிராயர் குடும்பம் போற்றிக் காத்திருந்தது. பாரிஸிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் கடிதம் எழுதினார், ஆக்ஸ்போர்டிலிருந்த ஜி.யு. போப்பும் எழுதினார்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம். எட்டுத்தொகை நூல்கள் எட்டையும் முதலில் அச்சிட்டவர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புறநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் நான்கும் சாமிநாதையர். கலித்தொகை 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்தவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார். நற்றிணை 1915இல் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்க்காரர், கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியர். தாமே முழு நூலுக்கும் உரை எழுதினார். புத்தகம் வெளிவருவதைப் பார்க்காமல் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். குறுந்தொகையை 1915இல் முதலில் கொண்டுவந்தவர் சௌரிப்பெருமாள் அரங்கன். அவருக்குத் திருக்கண்ணபுரம், நாகப்பட்டினம் மாவட்டம். ஐயரின் குறுந்தொகை அதற்கு 22 ஆண்டுகள் கழித்து வந்தது. ஆக, அகநானூறு ஒன்றைத் தவிர மற்ற ஏழும் காவிரிக்கரையோடு தொடர்பு உள்ளவர்கள் கையால் அச்சு கண்டவை.

ஏன் இங்கே? ஏடுகளைக் காத்த இரண்டு பெரிய மடங்கள், மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர் கூட்டமும், சம்பளம் கொடுத்த அரசுக் கல்லூரி, சிந்தாமணி படித்த சமணர்கள், புத்தகத்துக்குப் பெயர் எழுதத் தயாராக இருந்த மிராசுதார்கள், சென்னைக்கு ரயில். உத்தமதானபுரத்திலிருந்து மயிலாடுதுறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள் இத்தனையும் இருந்தன. தஞ்சை சரஸ்வதி மகாலும் பக்கத்திலேயே இருந்ததே என்பீர்கள். அதன் பெருமை தனி. சரபோஜி மன்னர் வளர்த்த நூலகம். ஆனால் அங்கே சமஸ்கிருத ஏடுகளே பெரும்பகுதி, பொதுமக்களுக்குத் திறந்ததும் 1918இல்தான். சங்கத் தமிழைக் காத்ததில் மடங்களுக்கும் கவிராயர் வீடுகளுக்கும் இருக்கும் பங்கை நாம் போதுமான அளவு சொல்வதில்லை.

தாமோதரம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதில் அவருக்கும் ஐயருக்கும் சிறு இழுபறி இருந்தது. அதை வைத்து இருவரில் ஒருவரைத் தாழ்த்திப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீரசோழியம், இறையனார் அகப்பொருள், கலித்தொகை, சூளாமணி என்று அவர் செய்ததும் மலையளவு. வழி திறந்தவர் அவர். அந்த வழியை ஒரு முறையாக ஆக்கியவர் ஐயர்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல், 1919இல் ஓய்வு. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம். அப்போது பாரதியார் வாழ்த்துப் பாடினார். 1924 முதல் சில ஆண்டுகள் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வர். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆசிரியர் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி முடித்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதினார். அது மணிமேகலை காலத்தோடு நின்றுவிட்டது. 1942இல் போர் அச்சத்தால் சென்னையைக் காலி செய்து திருக்கழுக்குன்றத்தில், திருவாவடுதுறை ஆதீனத்துக்குச் சொந்தமான மடத்தில் தங்கியிருந்தபோது ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். அவர் சேர்த்த ஏடுகளும் நூல்களும் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் இயங்கும் நூலகத்தில் இருக்கின்றன.

உங்கள் கடைசிக் கேள்வி வீட்டு ஏட்டைப் பற்றியது. நம் பக்கத்து வீடுகளில் பரணிலும் பூசை அறையிலும் இன்னும் ஏடுகள் இருக்கின்றன. வைத்தியம், சோதிடம், கணக்கு, அம்மானைக் கதை என்று எதுவாகவும் இருக்கலாம். முதலில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். வரிசை கலைந்தால் சேர்ப்பது பெரும்பாடு. ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கையால் பிரிக்காதீர்கள். எண்ணெய், மஞ்சள், கரி எதையும் நீங்களாகத் தடவாதீர்கள். அதற்குப் பக்குவம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் படவே கூடாது. லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அதோடு ஏடு போய்விடும். மேலும் கீழும் உள்ள சட்டங்களோடு அப்படியே ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத இடத்தில் வைத்துவிட்டு, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ சரஸ்வதி மகாலுக்கோ எடுத்துப் போங்கள். ஏட்டைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் படமாவது எடுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். யார் வீட்டு ஏடு, எந்த ஊர், யார் எழுதியது என்று தாத்தா பாட்டி சொன்ன விவரம் ஏதாவது நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். ஐயர் ஏடு தந்தவர் பெயரையெல்லாம் குறித்து வைத்ததால்தான் எந்தப் பாட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

அவருடைய பதிப்புகளை வாங்குவதென்றால் முன்னுரையும் அகராதியும் பிரதிபேதமும் சேர்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மலிவுப் பதிப்பு சிலவற்றில் இவற்றை வெட்டிவிடுகிறார்கள். முதலில் எதைப் படிக்கலாம் என்றால் புறநானூற்றுப் பதிப்பைச் சொல்வேன்.